முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு

டுலூத். ஏரிக்கரையில் பழைய படைக்கலக் கொட்டகை.
தொண்ணூற்றெட்டு, நவம்பர்.
வாசலிலேயே கேட்டார்கள், பதிவு செய்கிறவரா என்று.
தலையாட்டியதும் ஒலிமேசைக்குப் பின்னால்
கயிறு கட்டிய ஒரு மூலையைக் காட்டினார்கள்.

கம்பத்து உச்சியில் ஆர்லின் ஹக்கலாவின் இரண்டு மைக்குகள்
சண்டை போட்ட அண்ணனும் தங்கையும் மாதிரி
ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்பிக்கொண்டு.
கீழே அவள் தோள்பையில் அந்தப் பெட்டி:
சோப்பு டப்பாவைவிடச் சற்றே பெரிது,
இரண்டு மாதச் சம்பளம்.
நகராட்சிக்குப் பனி வாரும் லாரி ஓட்டினாள் அவள்.
டிசம்பர் முழுக்க உப்புப் படிந்த கையால்
பெட்டியை மட்டும் தொடமாட்டாள்,
கழுவித் துடைத்த பிறகுதான்.

உள்ளே போவது அலை,
வெளியே வருவது எண்.
நொடியை நாற்பத்தெட்டாயிரமாக நறுக்கி
ஒவ்வொரு நறுக்கிலும் ஒரே கேள்வி:
இப்போது எவ்வளவு உயரம்?
பதில் ஆறுவதற்குள் அடுத்த கேள்வி.
என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால்
இரண்டாவது நொடியில் அழுதிருப்பேன்.

நல்ல பெட்டி அங்கே அது ஒன்றுதான்.
டெல்மர் அவளிடம் ஒரு வடம் கேட்டான்.
டெல்மரிடமிருந்து தாடியஸ்,
தாடியஸிடமிருந்து கனடாவில் இருந்து வந்த ஒருவர்,
அப்புறம் பெயர் கேட்காத இருவர்.
ஏழாவதாக, கடைசி முனையில், நான்.
எனக்கு முன்னால் ஆறு பேரின் பேட்டரி.
நடுவில் யாருக்குத் தீர்ந்தாலும் எனக்கு இருட்டு.
பின்னாளில் என் கல்யாணத்தில்கூட
அத்தனை பேரை நம்பி நான் நின்றதில்லை.

மூலையில் ஒரு விதி உண்டு, யாரும் எழுதி வைக்காதது:
மைக்குக்குக் கீழே கைதட்டக் கூடாது.
ஊரே எழுந்து ஆடும்போது
நாங்கள் ஏழு பேர் மட்டும்
சாவு வீட்டுக்கு வந்த வங்கி அதிகாரிகள் போல.

இரண்டாம் பகுதியில் மற்றவர்கள் இறங்கிவிட
வயலின்காரி தனியாக நின்றாள்.
மெல்லிசாக வாசித்தாள்.
ஆர்லின் குமிழைத் திருகி அளவை ஏற்றினாள்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.
நடுவில் ஒரு தந்தி அறுந்தது.
வயலின்காரி நிறுத்தவில்லை,
இல்லாத தந்தியைச் சுற்றிக்கொண்டு போய்
முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தாள்.

ஆர்லின் கைதட்டிவிட்டாள்.
ஒரே ஒரு தட்டு.
பெட்டியில் சிவப்பு விளக்கு.
வரிசையாக ஏழு இயந்திரத்திலும் சிவப்பு,
தெருவில் ஒரு வீட்டுப் பட்டாசுக்கு
எல்லா ஜன்னலும் விழித்ததைப் போல.
தொடர்ந்து பின்னிஷ் மொழியில் ஒரு வசவு.
அதுவும் பதிவானது, ஏழு பிரதியில்,
எண்ணுக்கு எண் பிசகாமல்.

இருபத்து மூன்று வருஷம் கழித்துக் கடிதம் எழுதியிருக்கிறாள்.
நிலவறையில் வெள்ளம் புகுந்ததாம்,
நாடாப் பெட்டிகள் எல்லாம் போயினவாம்.
உன்னிடம் டுலூத் இருக்குமா?
இருந்தால், நாற்பத்தோராம் நிமிடத்து அந்த அசிங்கத்தை
இப்போதெல்லாம் நீக்க முடியும் என்கிறார்களே,
நீக்கி அனுப்பு.

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன்.
மலை ஏறி வந்த கோடு உச்சியில்
மேசை போல வெட்டுப்பட்டுக் கிடந்தது.
32767. 32767. 32767.
பதின்மூன்று முறை அதே எண்.
பதினாறு பிட்டில் அதற்கு மேல் எண் கிடையாது.
எவ்வளவு உயரம் என்று பெட்டி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது,
தெரிந்த பெரிய எண்ணையே
திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது.

மென்பொருள் ஒரு வளைவை ஊகித்துப் போட்டது.
பிறகு அதையும் சுரண்டி எடுத்தது.
வசவும் போனது.
சுத்தமாகத்தான் இருந்தது.
கேட்டதை அனுப்பினேன்,
மற்றதை வைத்துக்கொண்டேன்.

நேற்றுப் பதில் வந்தது.
நன்றி, வயலின் அப்படியே இருக்கிறது, என்று நாலு வரி.
கீழே பேனா மாற்றி ஒரு வரி:
இருபத்திரண்டாம் நிமிடத்தில் தும்முகிற முட்டாள் யார்?

நான்தான்.
இன்னும் எழுதவில்லை.