காய்ச்சல் கழிவு

கீழமாசி வீதியில் வத்தல் மண்டிக்கு
எட்டு வருஷமாக பில் போடுகிறேன்.
தும்மல் நின்று ஏழு வருஷம் ஆகிறது.

ராத்திரி பத்துக்கு மேல்
வில்லாபுரம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து
வெப் அப்ளிகேஷன் கட்டப் படிக்கிறேன்.
சிக்கந்தர் அண்ணன் வீட்டு வைஃபை
ஐந்தாவது படி வரைக்கும்தான் எட்டும்.
பாஸ்வேர்டுக்கு மாதம் நூறு ரூபாய்.

வீடியோவில் பாடம் எடுக்கிறவன்
எப்போதும் புத்தகக்கடைக்கே கட்டுகிறான்.
அவன் சரக்கு எடை குறைவதில்லை.
அவன் வாடிக்கையாளர் எல்லோருக்கும்
முதல் பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல்.
எங்கள் பேரேட்டில் இருப்பவர்களோ
திருப்புவனம் பச்சைச் சட்டை,
உசிலம்பட்டி மெஸ் அக்கா,
பொங்கலுக்கு முந்தி சண்டை போட்டவர்.

கெடு தேதி கட்டாயம் என்று எழுதியிருந்தேன்.
மெஸ் அக்காவின் கெடு
'மக கல்யாணம் முடியட்டும்.'
சிவப்பு எழுத்து வந்து நின்றது.
அன்றைக்குத்தான் புரிந்தது
பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு.
பாக்கி பூஜ்யம் என்றால் கொடுத்துவிட்டார்.
தேதி வெற்றிடம் என்றால்
அண்ணாச்சி இன்னும் கேட்கவில்லை.

மூன்று மாதம் லோக்கல்ஹோஸ்டில் ஓடியது,
நானே சமைத்து நானே பரிமாறி
நானே நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டு.

பங்குனியில் கடைக்குக் கொண்டுபோனேன்.
பழைய பேரேட்டை முழுக்க ஏற்றினேன்.
பரமக்குடி குண்டு நாற்பது மூட்டை,
உள்ளே வந்தது ஆயிரம் கிலோ,
வெளியே போனது தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு.
இருப்பு இருபத்தெட்டு என்றது திரை.
குடோனில் காலிச் சாக்கும் காம்பும்.

அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை.
என்னையும் பார்க்கவில்லை.
லோடுமேன் முத்திருளாண்டியைப் பார்த்தார்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் மடியை அவிழ்த்து
உதறிக் காட்டினார்.
பீடிக்கட்டு, தீப்பெட்டி, ஒரு பஸ் டிக்கெட்.

நான் போட்ட கழித்தல் குறி அது.

அன்றைக்கு ராத்திரி ஐந்தாவது படியில்
கோடைக் காடு மாதிரி பிழைப்பட்டியல்.
ஏற்றாமல் தள்ளப்பட்ட வரிகள் நாலே நாலு.
நாலும் ஒரே ஆள்: கா.க.
ஒவ்வொரு பருவக் கடைசியிலும்
பென்சிலால் எழுதிய கா.க.
முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபத்தெட்டு.
காசு கொடுத்ததாக ஒரு வரி இல்லை.
எட்டு வருஷமாக அதை
யாரோ ஒரு காளியப்பனின் இனிஷியல் என்றே
பார்த்துப் பார்த்துப் பெயர்த்து எழுதியிருக்கிறேன்.
கைபேசி எண் இல்லாததால்
என் படிவம் அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

காலையில் ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.
இருபத்தைந்து.
மறுநாள் இருபத்து நாலு தொள்ளாயிரத்துப் பத்து.
ஒன்பது நாள் ஏற்றினேன்.
வத்தல் காய்ந்துகொண்டே இருந்தது,
மண்டியில் எல்லோருக்கும் தெரிந்த,
யாரும் என்னிடம் சொல்லத் தோன்றாத விஷயம்.
காய்ச்சல் கழிவு.
இருபத்தெட்டு கிலோவையும்
பங்குனி வெயில்தான் வாங்கிப் போயிருந்தது.

முத்திருளாண்டியிடம் போய்ச் சொன்னேன்.
மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை,
'புரோகிராம்ல தப்புண்ணே' என்றுதான் வந்தது.
அவர் சாக்கூசியைக் காதில் செருகியபடி
'அதுல எம்பேரு இருக்கா?' என்றார்.
இல்லை.
எங்கேயும் இல்லை.
மூட்டை தானாக ஏறி தானாக இறங்கும்படி
நான் கட்டியிருந்தேன்.

இப்போது அவருக்கு ஒரு லாகின் உண்டு.
தினமும் எடையை அவரே தட்டுகிறார்.
எண்களின் வரிசையில் ஐந்தும் எட்டும்
சிவந்து போய்க் கிடக்கின்றன.
துடைத்த கையால் தெரியாமல் ஒருநாள்
கண்ணைக் கசக்கிவிட்டு அழுதேன்,
வத்தலுக்குத்தான்.

நேற்று எதிர்க்கடை கருவாட்டு மொத்த வியாபாரி
அமலதாஸ் வந்து நின்றார்:
'பாண்டீஸ்வரி, நமக்கும் இந்த மாதிரி ஒண்ணு
பண்ண முடியுமா, என்ன கேப்பே?'
காசைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன்.
வாளை ஒரு வாரத்தில்
எவ்வளவு காயும்?
உப்பு எவ்வளவு உதிரும்?
சாக்கைத் தூக்குகிறவர் பெயர் என்ன?

சிக்கந்தர் அண்ணன் வைஃபையை
நூற்றைம்பது ஆக்கிவிட்டார்.