இடது தோள், அரை அங்குலம்

குன்னூரில் ஐப்பசியில் துணி வெட்டுகிறவர்களுக்கு
முதல் பாடத்தை மூடுபனியே எடுத்துவிடும்.
சன்னல் வழியாக வந்து
மேசையில் விரித்த மஸ்லினுக்குள் படுத்துக்கொள்ளும்.
சாயங்காலம் அளந்த முப்பத்தாறு
விடிந்தால் முப்பத்தாறேகால்.
துருவேறிய குண்டூசிகள்
போன இடமெல்லாம் பழுப்பில் கையெழுத்துப் போடும்.

மாடியில் ஓவியப் பிரிவு.
டர்பன்டைன் வாசனையோடு இறங்கிவந்து
எங்களை டெய்லர்கள் என்பார்கள்.
அப்பாவும் அதையேதான் சொல்கிறார்,
ஃபீஸ் கட்டிவிட்டு, தணிந்த குரலில்.

வகுப்பின் மூலையில் ஒரு பொம்மை. அளவு எட்டு.
தலையில்லை, கையில்லை.
இடுப்பில் யாரோ சீனியர் பேனாவால் எழுதிய செல் நம்பர்.
எது தைத்துப் போட்டாலும் அதற்குப் பொருந்திவிடுகிறது.
எதையும் எட்டி எடுக்க வேண்டாத உடம்பு.

நான்காம் பருவத்துக்கு ஒரே வரிதான் கேள்வி:
குளிருக்கு ஒரு கோட்டு, யாருக்கென்று நீங்களே சொல்லுங்கள்.
ரெபேக்கா பனிமலையில் ஒரு மணமகளை எடுத்துக்கொண்டாள்.
போஜராஜ் விண்வெளி வீரனை.
நான் மெஸ்ஸில் வேலை செய்யும் யோகராணியை.
என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள்,
காலை ஐந்து மணிக்கு
ஒரு ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டு
சோற்று அண்டா தூக்குகிறவள்.

டேப்பைக் கழுத்தில் வைத்தால் கூச்சத்தில் துள்ளினாள்.
இடது தோள் அரை அங்குலம் இறக்கம்.
மறுபடி அளந்தேன். இறக்கம்தான்.
"அந்தப் பக்கந்தான் தூக்குவேன்,
இந்தக் கைக்குக் கரண்டி வேணுமில்ல?"

தாளை இரண்டாக மடி, பாதி உடம்பை வரை,
ஒரே வெட்டு, இரண்டு பக்கமும் வந்துவிடும்.
அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.
நான் மடிக்கவில்லை.
இடதுக்கு ஒரு தாள், வலதுக்கு ஒரு தாள்.

மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வாங்கிய சாம்பல் கம்பளி.
உள்ளே, பந்தல்காரர் கழித்துவிட்ட ரோஸ் சாட்டின்.
மெஸ்ஸில் ஆவிக்கு நடுவே நிற்கவைத்து
கையைத் தூக்கு என்றேன். தூக்கினாள்.
அக்குளில் நூல் படக்கென்றது.
அவிழ்த்தேன். தைத்தேன். படக்.
நான்காம் முறை அக்குளில் ஒரு சிறு வைரத்துண்டு வைத்தபிறகு
மேல்தட்டுப் புளிப்பானை வரை கை போனது.

"பாக்கெட் எங்க?"
கோட்டோட கோடு கெட்டுவிடும் என்றேன்.
"அப்ப என் சில்லறைய எங்க வைக்கிறது,
உன் கோட்டுலயா?"
இரண்டு பாக்கெட் வைத்தேன். ஆழமாக.

மதிப்பெண் போடச் சென்னையிலிருந்து வந்தவர்
கையில்லாத லினன் போட்டிருந்தார்.
பல் தந்தியடித்தது.
என் மேசைக்கு வந்தார், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்,
அதைப் போட்டுக்கொண்டே மீதிப் பதினோரு பேரைப் பார்த்தார்.
பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை,
எழுத மட்டும் எடுத்தார்:
கம்பளித் தேர்வு நன்று. பாக்கெட் நன்று.
இடது தோள் இறங்கியிருக்கிறது, வெட்டுப்பிழை.
ஐம்பத்து நான்கு.

அளவுத்தாள் மேசையிலேயே கிடந்தது, கவிழ்ந்தபடி.
திருப்பிக் காட்ட இரண்டு விநாடி போதும்.
வாசலில் யோகராணி டீத்தட்டோடு நின்றாள்,
தட்டு இடது கையில்.
அவளெதிரே அதைப் பிழையில்லை என்று வாதாட
எனக்கு வாய் வரவில்லை.

"ஸ்டேஷன் வரைக்கும் போட்டுக்கறேன்" என்று காரில் ஏறினார்.
பர்லியாறில் கழற்றியிருப்பார்,
இல்லையென்றால் கல்லாறில், வெக்கை முகத்தில் அடித்ததும்.
கோட்டு ஐந்தாம் நாள் கூரியரில் வந்தது.
பாக்கெட்டில் ஏதோ ஏர்போர்ட் ரசீது,
ஒரு டீ இருநூற்று நாற்பது ரூபாய்.
யோகராணி அதை எழுத்துக்கூட்டி இரண்டுமுறை படித்து
அடுப்பில் போட்டாள்.

பிறகு மாட்டிக்கொண்டாள்.
இடது தோள் அசையாமல் உட்கார்ந்தது.
"காலர் மட்டும் கொஞ்சம் குத்துது."

தடவிப் பார்த்தேன்.
கழுத்துப் பட்டிக்குள் கான்வாஸை ஓரம் மடிக்காமல் விட்டிருக்கிறேன்.
அது பிழைதான்.
அவர் கண்ணில் படாத ஒன்று.
கத்தரியை வாங்கி, அண்டா பக்கத்திலேயே
அவிழ்க்க உட்கார்ந்தேன்.