கூப்பிடு தூரம்

மணல்காட்டில் தைப் பனி
மேலிருந்து விழுவதில்லை.
மண்ணுக்குள்ளிருந்து ஏறி வரும்,
குதிகால் வழியாக, முழங்கால் வழியாக,
துவக்கின் இரும்பு வழியாக.

சவுக்கங்காட்டு விளிம்பில் படுத்திருக்கிறோம்
நானும் பிலேந்திரனும்.
இடியன் அவனுடையது. போன் என்னுடையது.

மூன்று நாளில் இரண்டு குட்டி.
இரண்டாவதின் கழுத்து நூல் மட்டும்
வேலியோரம் கிடந்தது, முடிச்சு அவிழாமல்.

நரியைக் கூப்பிட
அடிபட்ட முயல்போலக் கத்தவேண்டுமாம்.
எங்களுக்கு வராது.
இருந்தது இதுதான்:
குட்டி பிறந்த அன்று மகள் எடுத்த வீடியோ,
பதினொரு செக்கன்,
ஈரம் காயாத வாய் தாயைக் கேட்டு அழுவது.

போட்டேன்.
முடிய முடியத் திரும்பப் போட்டேன்.

வல்லிபுரப் பக்கம் ஒன்று ஊளையிட்டது.
இன்னொன்று ஏற்றது. பிறகு அமைதி,
வருகிற அமைதி.
மணல்மேட்டில் ரோச் பட்டு
இரண்டு கண், பச்சையாய்.
"வெடி வை" என்றேன்.
வைக்கவில்லை அவன்.
நரி இவ்வளவு நேராய் வராது என்று
பிறகுதான் சொன்னான்.

கண்கள் இறங்கி வந்தன
அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு.
சுட்டி.
மடி கனத்து, நடக்க நடக்கப் பால் சொட்டி.
என் கையிலிருந்த வெளிச்சத்தை மோந்தாள்.
கண்ணாடியை ஒருமுறை நக்கினாள்.

நிறுத்தத்தான் பார்த்தேன்.
விறைத்த விரலுக்குத் திரை கேட்கவில்லை.
அழுதுகொண்டே இருந்தது
பதினொரு செக்கன், பதினொரு செக்கன்.

எங்களுக்குப் பின்னால், சவுக்குக்குள்,
எதுவோ
நெடுநேரம் இருந்துவிட்டு
எழுந்து போனது.