நாற்பது சுற்று

பரேலில் மழை. ஐந்தாம் மாடிக் குளிரில்
மெழுகுக் கட்டிக்குள் உறைந்திருக்கிறது
யாரோ ஒருவரின் பெருங்குடல், நகக்கண் அளவு.
பெயர் கிடையாது. 4417.
ஐந்து மைக்ரான் கனத்தில் சீவி
சுருள்வதை வெந்நீரில் மிதக்கவிட்டு
தூரிகையால் நீவுகிறேன்.

பல் ஈறின் இடுக்கில்
பேச்சோடு பேச்சாய்க் கிடக்க வேண்டிய கிருமி இது,
நூற்கும் கதிர்போல் இரு முனையும் கூர்த்தது.
எப்போது இறங்கியதோ.
வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகும் பிழைப்பில்
இதற்கு மட்டும்
வழி தெரிந்திருக்கிறது.

இன்னொரு குழாயில் மரபணு.
கே-ராஸ், பன்னிரண்டாம் இடம்:
ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
ஓரெழுத்து.
'பள்ளி'யைப் 'பல்லி' என்று எழுதியதற்கு
டீச்சர் என் விரல்முட்டியில் ஸ்கேலால் அடித்தாள்.
இங்கே அடிக்க ஆளில்லை,
செல் தன் பிழையைப் படியெடுத்துக்கொண்டே போகிறது.
தலையெழுத்து என்கிறோம்.
குடலில் அல்லவா எழுதியிருக்கிறது.

இயந்திரம் நாற்பது சுற்றுச் சுற்றும்.
கோடு தாமதித்து எழுந்தால் கிருமி குறைவு,
எழாமலே போனால் இன்னும் நல்லது.
இருபத்தொன்று. இருபத்திரண்டு.
வரக்கூடாத பஸ்ஸுக்காக
நிறுத்தத்தில் நிற்பதுபோல் நிற்கிறேன்.
இருபத்து நான்கில் தலை தூக்கியது.

மதியம் லிஃப்டில் ஒருத்தி, குடை சொட்டச் சொட்ட.
என் அட்டையைப் படித்துவிட்டு
"இசக்கியம்மாளா? நம்ம பக்கமா?
ரிசல்ட்டு குடுக்கது எந்த மாடில, தாயீ?"
பிளாஸ்டிக் உறைக்குள் நீலச் சீட்டு.
ஞானதிரவியம், 57, ஆண்.
கீழே 4417.

"லாரி ஓட்டுதாக. இப்ப நல்லாத்தான் சாப்பிடுதாக."
நான் கேட்கவேயில்லை.

கிருமி மிகுந்தவர்களுக்கு ஒரு கோடு,
குறைந்தவர்களுக்கு ஒரு கோடு;
ஐந்தாண்டில் எத்தனை பேர் மிச்சம் என்று
படிப்படியாய் இறங்கும் வரைபடம் ஒன்று
என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது.
எந்தப் படியிலும் யாரும்
உட்கார்ந்து சாப்பிடுவதாய் இல்லை.
மூன்றாவது சோதனை இன்னும் பாக்கி.
அது வேறு மாதிரியும் சொல்லலாம்.
சொல்ல எனக்கு அனுமதியில்லை,
இதையும், அதையும்.

"ரெண்டாம் மாடி, இடப்பக்கம்."

இறங்கினாள். தரையில் குடைத்தண்ணீர்,
சின்னதாய் ஒரு வட்டம்.
நான் ஐந்துக்குப் போக வேண்டியவள்.
பொத்தானை அழுத்தாமல் நின்றிருக்கிறேன் போல,
லிஃப்ட் என்னைக் கீழே கொண்டுபோனது.