சரிபார்த்தவர்

ஈருடல் ஓருயிர் என்பார்கள்.
நாங்கள் வரைந்த எஞ்சினுக்கு
நான்கு உடல், ஒரே தலை.
இரண்டு விரலை விரித்தும் விரிக்காமலும் பிடித்தாற்போல
இரண்டிரண்டாகச் சாய்ந்து நிற்கும் சிலிண்டர்கள்.
பானெட்டைத் திறந்து பார்த்த மிலான் வியாபாரி
மீதி எங்கே என்று கேட்டானாம்.

டூரின். சான் பாவ்லோ பேட்டை. மூன்றாம் மாடி.
அறுபத்துமூன்றில் அது ஆயிரத்து நூறு சிசி.
விற்பனைப் பிரிவுக்குப் போதவில்லை:
ஆல்ப்ஸ் ஏற்றத்தில், பெட்டிகளோடு, மாமியாரோடு,
ஒரு பால் வண்டியை முந்த முடியவில்லையாம்.
துளையைப் பெரிதாக்கு என்றார்கள். ஆக்கினேன்.
ஆயிரத்து இருநூறு. அப்புறம் முந்நூறு.
கூப்பே வந்தது, இரண்டே கதவு, கூரிய முகம்.
பந்தயக்காரர்கள் வந்தார்கள், சேறு பிடித்த பூட்ஸோடு;
இன்னும் கொஞ்சம் என்றார்கள்.

டெல்ஃபினா ஆக்டிஸ் சிவப்புப் பென்சிலை வைத்தாள்
சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே.
"இங்கே இரும்பு ஆறு மில்லிமீட்டர்.
இதற்கு மேல் சுரண்டினால் சுவர் இல்லை, தாள்."
என் வாடகை வீட்டுச் சுவரும் அப்படித்தான் என்றேன்,
அடுத்த வீட்டு ரைமொந்தோ இருமினால்
என் தலையணையில் விழும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. ஸ்லைடு ரூலை இழுத்தாள்.

நான்கு நாள். கேன்டீனில் அவள் சூப் ஆறிக் கிடந்தது.
ஐந்தாம் நாள் என் மேசைக்கு வந்து
தாளின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டாள்:
சுவரைத் தொடாதே.
சாய்வைக் குறை, ஒன்றரை டிகிரி.
ஒரு சென்டிமீட்டர் எழும்பி
இன்னும் நெருங்கி நிற்கட்டும்.

நின்றன. ஆயிரத்து அறுநூறு.
சோதனைக் கூடத்தில் அதை முதலில் ஓட்டிய இரவு
காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு நின்றாள்.
நானும் எறிந்தேன்.
அவள் ஏதோ சொன்னாள் அப்போது.
மூன்று நாள் எனக்குக் காது அடைத்திருந்தது;
திரும்பக் கேட்க வெட்கம்.

ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும்
வரைந்தவர்: ஒல்டெரிகோ பானெரோ.
சரிபார்த்தவர்: டெ. ஆக்டிஸ்.
நடுவே ஒரு கோடு, ஏழு வருஷமாக.
தடிமன் கால் மில்லிமீட்டர். அளந்திருக்கிறேன்.

எழுபதில் கம்பெனி கைமாறியது.
புது முதலாளியிடம் எஞ்சின்கள் ஏற்கெனவே இருந்தன,
நேராக நிற்பவை, மலிவாக வார்க்கக்கூடியவை,
சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பட்டையில் சுழல்பவை.
அவற்றில் தப்பொன்றும் இல்லை; அதுதான் கஷ்டம்.
டெல்ஃபினாவை ஒரு சலவை இயந்திரக் கம்பெனி எடுத்துக்கொண்டது,
பொர்தெனோனேயில். ரயிலில் ஒரு முழுப் பகல்.
கை குலுக்கினாள். விரலில் சிவப்பு.

ஆயிரத்து எண்ணூறை நான் தனியே வரைந்தேன்,
யாரும் கேட்காமல்.
அந்த ஒரு தாள் வீட்டில் இருக்கிறது.
அக்டோபரில் அதன்மேல் ஹேசல் கொட்டை உலர்த்துகிறேன்;
நல்ல தாள், ஈரம் தாங்கும்.
மூலையில் மட்டும் கொட்டை பரப்புவதில்லை:
என் பெயர், கோடு,
காலிப் பெட்டி.
நடுச் சுவருக்கு நான் போட்ட அளவு சரிதானா என்று
இன்றுவரை நிச்சயமில்லை.