எட்டா மூன்றா

விமானத்துக்கு நாலு புத்தகம்.
உடலுக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று,
விசிறிக்கு ஒன்று.
நாலாவது நான் கோடு போட்டுத் தைத்தது:
வந்த ஆணை, வந்த தேதி,
செய்த மணி, அடுத்த மணி,
கடைசிக் கட்டத்தில்
ஜெகவீரனின் கையெழுத்தும் உரிம எண்ணும்.
எண் இல்லாமல் நீட்டினால் திருப்பி அனுப்புவேன்.
அதில் அவருக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

சுங்கை மெலாத்தி தோட்டத்தில்
ஓடுபாதை என்பது
செம்பனைகளுக்கு நடுவே அறுநூறு மீட்டர் செம்மண்.
காட்டுப்பன்றி குறுக்கே வரும்.
மூன்றாம் டிவிஷன் சதுப்பில் லாரி இறங்காது,
அதனால் உரம் வானத்திலிருந்து.
என் ஆபீஸ் ஒரு பழைய கண்டெய்னர்.
மழை பெய்தால்
பேசுவது கேட்காது, எழுதலாம்.

எனக்கு முன் இருந்த கிராணி
எட்டை மூடாமல் எழுதுவார்.
நல்ல மனிதர், அவசரக்காரர் என்கிறார்கள்.
அவர் காலத்து ஆணை ஒன்று:
இன்ன எண் முதல் இன்ன எண் வரை
உள்ள இயந்திரங்களுக்கு மட்டும்.
எதிரே அவர் எழுதியது: பொருந்தாது.
மூன்று வருஷம் நானும் அதையே
பக்கத்துக்குப் பக்கம் பெயர்த்து எழுதினேன்.
எவ்வளவு சுகமான சொல், பொருந்தாது.

அன்றைக்கு ஏனோ
பென்சில் அந்த எண்ணில் நின்றுவிட்டது.

கைவிளக்கும்
பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியும்
எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.
தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு.
துடைத்தேன். நம்பாமல் விரலால் தடவினேன்.
எட்டு.
மூடிய, முழு,
இரண்டு வயிறுள்ள எட்டு.

மழைக்கு முன் எண்பது டன் போட வேண்டும்.
மேனேஜர் ஃபூ கேட்டார்:
"இத்தனை வருஷம் பறந்துச்சே, என்ன ஆச்சு?"
வருஷம் என் புத்தகத்தில் இல்லை சார், மணிதான்.
கேப்டன் இத்ரிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு
தேத்தாரே குடிக்கப் போனார்.

நாலு நாள் நின்றது.
உர மூட்டைமேல் உட்கார்ந்திருந்த செபமாலை
"இது எங்க பொறந்துச்சுன்னுகூட எழுதியிருக்கா?" என்றார்.
முதல் பக்கத்தைக் காட்டினேன்:
தொழிற்சாலை, தேதி, முதல் ஓட்டம் எத்தனை நிமிடம்,
மறுவாரம் மாற்றிய ஒரு திருகாணி.
வெகுநேரம் பார்த்தார்.

ஆறாம் லயத்தில் பிறந்தவர்.
எழுத வேண்டியவர் அன்றைக்கு லீவு.
ஐம்பத்தோரு வயதில் இன்னும் சிவப்பு ஐசி.
போகும்போதெல்லாம் பதிவிலாகாவில் கேட்கிறார்கள்,
நீ பிறந்ததைப் பார்த்தவர் யார்.
பார்த்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள்.

புத்தகத்தை மூட வேண்டியிருந்தது.
மூடுவது தப்பு போலிருந்தது.

ஐந்தாம் நாள் காலை
ஜெகவீரன் பாகத்தைக் கழற்றி
சாயம் பூசி, துடைத்து,
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரு விரிசல் இருக்கட்டும் என்று
எனக்குள் ஏதோ வேண்டிக்கொண்டது.
அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.
இல்லை. தலைமுடி அளவுகூட இல்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு நாலு நாளா?"
ஆமாம் சார்.
ஒன்றுமில்லை என்று சொல்ல நாலு நாள் ஆகிறது.

பழைய வரியை ஒற்றைக் கோட்டால் அடித்தேன்,
அடியில் இருப்பது தெரியும்படி.
வெள்ளை மை பூசக் கூடாது,
தப்பும் ஒரு பதிவு.
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. பிறகு:
பொருந்தும். சோதிக்கப்பட்டது.
குறை ஏதும் காணப்படவில்லை.

பத்தே முக்காலுக்குக் கிளம்பியது.
சத்தம் செம்பனைகளுக்கு மேல் தேய்ந்ததும்
அலமாரியின் அடித்தட்டை இழுத்தேன்.
தினசரிச் சுமைத்தாள்கள், பத்தொன்பது வருஷத்தது,
கரையான் பாதி தின்றது போக.
ஏற்றியவர்: செபமாலை.
ஏற்றியவர்: செபமாலை.
மூடாத எட்டுகளுக்குப் பக்கத்தில்
அவர் பெயர் மட்டும் ஒரு தாளிலும் பிசகவில்லை.

பிறந்ததற்கு இது சாட்சி ஆகாது.
பதிவிலாகாவில் சிரிக்கவும் கூடும்.
நகல் எடுக்கும் மெஷின்
சூடாக இரண்டு நிமிடம் கேட்கிறது.
நிற்கிறேன்.