மூன்றேகால்

மூன்றேகால் கிலோ.
பாத்ரூம் தராசில் நான் ஏறி இறங்கி,
அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறி,
கழித்துப் பார்த்த கணக்கு.
நிறைமதி பிறந்தபோதும் ஏறக்குறைய இதே எடைதான்.
அவளுக்குச் சீக்கிரமே என் இடுப்பில் உட்காரத் தெரிந்துவிட்டது.
லென்சுக்குத் தெரியவில்லை.

எதற்கு இவ்வளவு பெரிசு என்றார் அறவாழி.
கழுகு கிட்ட வராது என்றேன்.
"நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால்."
விலையை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

கூட வந்த கழுத்துவாரை அன்றே கழற்றி எறிந்தேன்.
இந்த எடையைக் கழுத்தில் கட்டச் சொன்னவன்
ஒருநாளும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டான்.
பெல் ஏர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப்
புரட்டிப் படுக்கவைக்கும் தோள் என்னுடையது.
வலது பக்கம் ஏற்கெனவே தையல் போட்டது.
எதைத் தூக்கினாலும் உடம்போடு அணைத்துத் தூக்கு என்று
வார்டில் எல்லோருக்கும் சொல்வேன்.

முதலில் மோனோபாட்.
இரண்டு மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றால்
அறவாழி இறங்கி வருவார்.
கழுகு வராது.

அப்புறம் வீட்டில் கிடந்த பழைய டிரைபாட்.
அதன் உருண்டைத் தலையில் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்,
கடைசி பஸ்ஸில் தூங்கி வழிகிறவன்போல்
லென்ஸ் முன்னால் சாயும்.
ஒருமுறை நடுவில் என் விரல் இருந்தது.
நகம் இன்னும் கறுப்பு.

கார்பன் கால் மூன்று, அதன்மேல் கிம்பல்.
தோளில் உறுத்தாமலிருக்க, குளிரில் தண்ணீர்க்குழாய்க்குச் சுற்றுகிற நுரையை
நாலு டாலருக்கு வாங்கிக் காலில் போர்த்தினேன்.
சும்மாடு என்ற சொல்லை
மேரிலாந்தில் எனக்குத் தேவைப்படும் என்று நினைத்ததில்லை.
பையும் மாறியது, இடுப்புப்பட்டை வைத்தது:
தோள் வெறுமனே பிடித்துக்கொள்ள,
எடையெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கியது.
பிள்ளை உட்கார்ந்த அதே இடம்.

நவம்பர். கானோவிங்கோ அணை.
வேலியோரம் நாற்பது ஐம்பது டிரைபாடுகள்,
ஊரிலுள்ள கல்யாண போட்டோக்காரர்கள் அத்தனை பேரும்
ஒரே மணப்பெண்ணுக்குக் காத்திருப்பதுபோல்.
பக்கத்து இடத்தில் ரஸ்ஸல், லாரி ஓட்டியவர்.
"காரை மூடிவிட்டு வந்தாயா? இங்கே பிணந்தின்னிகள் ரப்பரைத் தின்னும்."
கிண்டல் என்று சிரித்துவைத்தேன்.

கிம்பல் ஓர் ஊஞ்சல்.
லென்ஸின் பாதத்தைத் தட்டில் ஒரு விரற்கடை முன்னால் தள்ளினேன்,
ஹூடை மாட்டியதும் அரை விரற்கடை பின்னால்.
திருகுகளைத் தளர்த்திவிட்டுக் கையை எடுத்தேன்.
விழவில்லை.
மூக்கை வானத்துக்குத் தூக்கினேன், அங்கேயே நின்றது.
ஆற்றைக் காட்டினேன், ஆற்றைப் பார்த்தது.
மூன்றேகால் கிலோவைச்
சுண்டுவிரல் தள்ளிக்கொண்டு போனது.

சைரன் ஊதியது.
அணை தண்ணீரை விட்டது, மீன்கள் தலைகீழாக வந்தன.
ஒரு வெண்தலைக் கழுகு இறங்கிக் கால்களை நீருக்குள் விட்டது,
விட்டது விட்டதுதான்.
சிறகு அடிக்கிறது, அடிக்கிறது, எழும்பவில்லை.
பிடித்தது தன்னால் ஆகாத மீன்.
வரிசையில் பாதிப் பேர் ஷட்டரை நிறுத்திவிட்டார்கள்,
பறந்தால்தானே படம்.

கழுகோ மீனை விடவில்லை.
இறக்கை இரண்டையும் துடுப்பாக்கி
நீரை வலித்து வலித்து
பாறையை நோக்கி நீந்தத் தொடங்கியது.
லென்ஸ் அதன் வேகத்திலேயே திரும்பியது.
நூற்றுப் பதினேழு படங்கள்.
ஒன்றில்கூட அது கம்பீரமாக இல்லை.
நனைந்த கோழி மாதிரி கரையேறி,
மீன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு
மூச்சு வாங்கியது.

ரஸ்ஸல் சொன்னது கிண்டல் இல்லை.
இடப்பக்க வைப்பரில் ரப்பரைக் காணோம்.
மழையும் பிடித்துக்கொண்டது.
பையை முன்சீட்டில் வைத்துக் கிளப்பினால்
யாரோ பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று
கார் விடாமல் கூவியது.
இழுத்து மாட்டினேன்.
வெறும் இரும்பு கண்ணாடியைக் கீற,
கண்ணை இடுக்கிக்கொண்டு,
இருவரும் மெதுவாக அணையைக் கடந்தோம்.